பழைய போன் வாங்கும் முன்…

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். பாடக் குறிப்பெல்லாம் போனில் வருவதால், அம்மா சீட்டு எடுத்து ஆறாயிரம் ரூபாய் கொடுத்தார். கரையான்சாவடியில் ஒருவர் பழைய போன் காட்டினார். கேமரா பளிச்சென்று இருந்தது. "பில் இருக்காண்ணே?" என்றேன். "அதெல்லாம் தொலைஞ்சு போச்சு தம்பி" என்றார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. *#06# அழுத்தினேன். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வந்தது. இதில் முதல் 8 இலக்கம் மாடலையும், அடுத்த 6 அந்தக் கருவியின் வரிசையையும் குறிக்கும். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். சிம்மை மாற்றினாலும் இந்த எண் மாறாது. திருடுபோன போனை உரியவர் மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் முடக்கிவிட்டால், எந்த சிம் போட்டாலும் இந்தியாவில் இயங்காது. 2023 மே முதல் இவ்வசதி உள்ளது.

நண்பனின் போனில் கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். 'முடக்கப்பட்டது' என்று பதில்! பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முடக்கப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது, இவற்றில் எது வந்தாலும் வாங்காதீர்கள். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்ணையும் பாருங்கள். கேமராவை அப்புறம் பார்க்கலாம். அம்மாவின் பணம் பிழைத்தது. உங்கள் வீட்டுப் பணமும் பிழைக்கட்டும்!