ஒளித்துவைத்த ரீல்கள்

கேள்வி: செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துக்கு வெளிவராத நீளமான பிரதி ஒன்று உண்டாமே?
– ஒரு வாசகர், மேலகரம்

பதில்: 2010 பொங்கலுக்கு வந்த நாளிலிருந்தே ஓடும் பேச்சு இது. படமே மூன்று மணி நேரத்தை ஒட்டியது. சோழர் பகுதி சட்டென்று முடிவதாகத் தோன்றுவதால், மிச்சம் எங்கோ பெட்டியில் தூங்குகிறது என்று ரசிகர்கள் நம்புகிறார்கள். 2020 டிசம்பர் 31இல் மறுபடி திரைக்கு வந்தபோதும் அந்த ‘மிச்சம்’ வரவில்லை.

வெட்டிய காட்சி வேறு, முழுப் பிரதி வேறு. எடிட்டிங் மேசையில் ஒதுக்கியவற்றுக்கு டப்பிங்கோ இசையோ இல்லாமலே போகலாம். தணிக்கையில் போனவை சான்றிதழின் இரண்டாம் பகுதியில் பதிவாகும். இயக்குநரே தணிக்கைக்கு முன் நீக்கியவை அங்கே வராது. வதந்தி வளர்வது இந்த இடைவெளியில்தான்.

சில வதந்திகள் பலிப்பதும் உண்டு. 1980இன் ‘சூப்பர்மேன் 2’ படத்தைப் பாதியில் இழந்த இயக்குநர் ரிச்சர்ட் டோனரின் வடிவம் 2006இல் வெளிவந்தது. இங்கே கமலின் ‘ஆளவந்தான்’ (2001) தலைகீழ்: 2023 டிசம்பரில் மறுவெளியீடானபோது சுமார் ஒரு மணி நேரம் குறைந்திருந்தது!