நொய்யற்கரையில் ஒரு தொழிலூர்

சேவூர், அவிநாசி, திருப்பூர், காங்கேயம் என விரியும் நிலப்பகுதி இன்று பின்னலாடைக்குப் பெயர் பெற்றது. விசைத்தறியும் பின்னல் எந்திரமும் ஓயாது இயங்கும் இப்பகுதிக்குத் தொழில் புதிதன்று. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யலாற்றின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே, கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் வயல்களுக்கு அடியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தொழிற்கூடங்கள் புதையுண்டிருந்தன.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலன்களுக்குச் சிறந்த ஊராகக் கொடுமணத்தைக் குறிக்கின்றனர். அந்தக் கொடுமணமே இன்றைய கொடுமணல் என்பது ஆய்வாளர் கருத்து. பெயர் ஒற்றுமை மட்டுமே சான்றாக இருந்தவரை அது ஊகமாகவே நின்றிருக்கும். அதற்கு வலுவூட்டியது மண்வெட்டிதான். 1985-ஆம் ஆண்டு தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எ. சுப்பராயலு முதலான அறிஞர்களைக் கொண்டு இங்குப் பல பருவங்கள் அகழாய்வு நடத்தியது. பின்னர் 2012-இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையில் அப்பணி தொடர்ந்தது. தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறையும் அண்மை ஆண்டுகளில் இங்கு அகழ்ந்துள்ளது.

ஊர் இரு பகுதிகளாக இருந்தது. மக்கள் வாழ்ந்த மேடு ஏறத்தாழ 50 ஏக்கர். இறந்தோரைப் புதைத்த ஈமக்காடு ஏறத்தாழ 100 ஏக்கர். வாழ்ந்தோர் இடத்தைவிட மாண்டோர் இடம் இருமடங்கு பெரிது. பல தலைமுறையினர் அங்கேயே வாழ்ந்து, அங்கேயே அடக்கமாயினர் என்பதை இவ்வளவே உணர்த்திவிடுகிறது. ஈமக்காட்டில் கல்வட்டங்களும், பெரும் பலகைக் கற்களால் ஆன கற்பதுக்கைகளும் காணப்படுகின்றன. ஒரு பதுக்கையில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன.

அம்மணிகள் எங்கிருந்தோ விலைக்கு வாங்கப்பட்டவையாகவும் இருக்கலாம் அல்லவா? இவ்வையத்துக்கு விடை வாழ்விடப் பகுதியில் கிடைத்தது. அங்கே பட்டை தீட்டிய மணிகளோடு உடைக்கப்படாத மூலக்கற்களும், பாதி உருவான மணிகளும், துளையிடும்போது பிளந்து எறியப்பட்டவையும் கலந்து கிடந்தன. முழுமை பெற்ற மணி விற்பனையைக் காட்டலாம். பிளந்த மணியோ பட்டறையைக் காட்டுகிறது. தொல்லியலாளருக்குக் கழிவு பல நேரங்களில் செல்வத்தினும் மதிப்புடையது. பச்சைக்கல் பக்கத்துப் படியூரிலும், நீலக்கல் சிவன்மலைப் பகுதியிலும் கிடைப்பவை. ஆயின் சூதுபவளம் குசராத்துப் பகுதியிலிருந்தும், லாபிஸ் லசூலி என்னும் கருநீலக் கல் ஆப்கானித்தானத்திலிருந்தும் வந்திருக்க வேண்டும். சேரர் தலைநகராகிய கரூரையும் மேலைக் கடற்கரையின் முசிறியையும் இணைத்த பாலக்காட்டுக் கணவாய்ப் பெருவழி இவ்வூர் வழியே சென்றதை நினைவிற்கொண்டால் இது வியப்பளிக்காது.

இரும்பை உருக்கிய உலைகளும், எஃகு செய்யப் பயன்பட்ட மூசைகளும் இங்கு வெளிப்பட்டன. நூல் நூற்கும் சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. இன்று ஆடைத் தொழிலால் வாழும் வட்டாரத்தில் இத்தக்களிகள் பெறும் கவனம் மணிகளுக்குக் கிடைப்பதை விடக் குறைவே.

எல்லாவற்றினும் மேலாகப் பேசத்தக்கவை எழுத்துப் பொறித்த பானை ஓடுகள். 'கண்ணன் ஆதன்' போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் அவற்றில் கீறப்பட்டுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை பானை சுடப்பட்ட பின்னர்க் கீறப்பட்டவை. ஆகவே எழுதியவர் குயவராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. பானையை வாங்கிப் புழங்கியவரே தம் பெயரைப் பொறித்திருக்கக்கூடும். எழுத்து அரண்மனையிலோ துறவியர் குகையிலோ மட்டும் தங்கிவிடாமல், உலைக்களத்தின் அருகே வாழ்ந்தோர் கைக்கும் வந்திருந்தது. வடபுலத்துப் பெயர்களும், வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்னும் சொல்லும் காணப்படுவதால் வெளியூர் வணிகரும் இங்குத் தங்கினர் எனலாம். கரிமக் காலக்கணிப்பு இவ்வூரின் தொன்மையைப் பொ.ஆ.மு. 5-ஆம் நூற்றாண்டளவுக்குக் கொண்டு செல்கிறது.

தோண்டப்பட்டது முழுப்பரப்பில் மிகச் சிறு பகுதியே. எஞ்சிய நிலத்தில் உழவு நடைபெறுகிறது; கல்வட்டங்களின் கற்கள் பல வேறு தேவைகளுக்காகப் பெயர்க்கப்பட்டுவிட்டன. ஆற்றின் நிலையும் மாறியது. பாசனத்திற்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு நீர் தேங்கியது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது.

அகழாய்வுக் குழியில் ஒவ்வோர் அடுக்கும் மண்ணின் நிறம், ஆழம், உடன்கிடந்த பொருள் ஆகியவற்றோடு பதிவு செய்யப்படுகிறது. ஓர் அடுக்கை ஒருமுறைதான் அகழ முடியும். உழுத நிலத்தில் மழைக்குப் பின் மேலே தெரியும் மணியை எடுத்துச் செல்பவர் கையில் மணி இருக்கும். அது எந்த அடுக்கில், எந்தப் பொருளருகே, எக்காலத்தாரோடு கிடந்தது என்பது அவர் கையிலும் இராது, நிலத்திலும் இராது.