ஐந்து சதவீதக் கோணல்

குறுகிய தமனிக்குள் ரத்தம் எப்படிக் கொந்தளிக்கிறது என்று ஆராய வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, இதே வேலையில் தலை நரைத்தவன் சொல்வது.

1. முதல் வாரம் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். டாக்டரோடு போய், கழுத்துத் தமனியில் அடைப்புள்ள ஒருவரிடம் அனுமதி கேட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள். துடிப்புக்குத் துடிப்பு 'உஸ்' என்று வருகிறதே, அந்த இரைச்சலைத்தான் நீங்கள் கணக்கிடப் போகிறீர்கள். அடைப்பு முற்றினால் சத்தம் அடங்கியும் போகும். அதை நம்பி நோயில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

2. ரிப்போர்ட்டில் '50 சதவீத அடைப்பு' என்றிருந்தால், விட்டத்திலா பரப்பிலா என்று கேளுங்கள். விட்டம் பாதியானால் பரப்பில் கால்பங்குதான் மிஞ்சும். அதே ரத்தம் போக வேகம் நான்கு மடங்காக வேண்டும். பரப்பு பாதியானால் இரண்டு மடங்கு போதும். நான் இதில் விழுந்து எழுந்தவன். விட்டக் கணக்கைப் பரப்பென்று எடுத்துக்கொண்டேன். டாப்ளர் காட்டிய வேகத்தில் பாதிதான் சிமுலேஷனில் வந்தது. மூன்று வாரம் டர்புலன்ஸ் மாடலைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அது என்ன செய்யும்?

3. ரெனால்ட்ஸ் எண் 2,000-க்குக் கீழே என்றால் சீரோட்டம் என்று படித்திருப்பீர்கள். அது நேரான, நீண்ட குழாய்க்குச் சொன்னது. 2007-ல் வர்கீஸ், ஃபிராங்கெல், ஃபிஷர் மூவரும் பரப்பில் 75 சதவீதம் குறுகிய குழாயை, டர்புலன்ஸ் மாடல் எதுவும் வைக்காமல் நேரடியாகவே கணக்கிட்டார்கள். ரெனால்ட்ஸ் எண் 1,000, துடிப்பில்லாத ஓட்டம். குறுகல் நட்டநடுவில் இருந்தவரை கொந்தளிப்பே இல்லை. அதை விட்டத்தில் 5 சதவீதம் ஒருபக்கம் நகர்த்தினார்கள். குறுகலிலிருந்து பாயும் தாரை சுவர்ப்பக்கம் சாய்ந்தது. சற்றுத் தள்ளிப் போய் உடைந்து கொந்தளித்தது. 6 மி.மீ. தமனியில் 5 சதவீதம் என்பது 0.3 மி.மீ. சி.டி. படத்தில் ஒரு பிக்சலே கிட்டத்தட்ட அவ்வளவுதான். படத்திலிருந்து குழாயைப் பிரித்தெடுத்ததும் 'ஸ்மூத்' பட்டனுக்குக் கை போகும். போகவிடாதீர்கள். குழாய் அழகாகிவிடும், ஓட்டம் வேறு யாரோ ஒருவருடையதாகிவிடும்.

4. எம்.ஆர்.ஐ.யில் வேகத்தை அளக்கும்போது குறுகலுக்கு அப்பால் படம் கறுத்துப் போகும். ஒரே கட்டத்துக்குள் பல வேகங்கள் கலந்து சிக்னலைத் தின்றுவிடுகின்றன. கெட்ட படம் என்று தூக்கிப் போடாதீர்கள். அந்த இழப்பை வைத்தே கொந்தளிப்பின் ஆற்றலை மதிப்பிட வழியிருக்கிறது. வேக வரம்பைக் குறைத்து வைத்துவிட்டால் மட்டும், பாய்ந்தோடும் ரத்தம் பின்னோக்கி ஓடுவதுபோலத் தெரியும். அது கருவியைச் செட் செய்தவர் தப்பு.

5. சிமுலேஷனை ஒரு துடிப்போடு நிறுத்தாதீர்கள். பாய்ச்சல் உச்சம் தொட்டு வேகம் இறங்கும்போதுதான் தாரை பெரும்பாலும் உடையும். துடிப்புக்குத் துடிப்பு வேறு மாதிரி உடையும். முதல் சில துடிப்புகளைக் கழித்துவிட்டு, மீதியில் பலவற்றின் சராசரியை எடுங்கள். நாள் கணக்கில் ஓடும். ஓடட்டும்.

6. காகிதக் கணக்கை விடாதீர்கள். வினாடிக்கு 3 மீட்டர் வேகமா? வர்க்கப்படுத்தி நான்கால் பெருக்குங்கள்: குறுகலில் அழுத்தம் சுமார் 36 மி.மீ. பாதரசம் விழும். குழாய் விரிந்ததும் ஒரு பகுதி மீளும். சிமுலேஷன் 300 என்று சொன்னால், முதலில் யூனிட்டைப் பாருங்கள்.

7. பழைய மெஷ் ஃபைல்களை அழிக்காதீர்கள். எத்தனை முறை ஸ்மூத் போட்டீர்கள் என்று ஃபைல் பெயரிலேயே எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.