போர்க்குதிரையின் சேணம்

வேலூர்க் கோட்டைக்குப் போனா ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்க்காம வராதீங்க. பின்னங்கால்ல எழுந்து நிற்கும் குதிரை, யாளி; மேலே வீரர்கள். விஜயநகரக் காலத்து வேலை. அப்படி எழும்பும் குதிரையிலிருந்து வீரன் ஏன் சறுக்கி விழலை? சிற்பியின் கற்பனை ஒரு பக்கம் இருக்கட்டும். நிஜப் போரில் அவனைப் பிடித்து வைத்தது சேணம்.

சேணம்னா மெத்தைன்னு நினைக்காதீங்க. போர்ச் சேணத்தின் உள்ளே மரச்சட்டம் இருக்கும். குதிரையின் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு பலகைகள் படியும். நடுவில் இடைவெளி. ஆள், கவசம், ஆயுதம் எல்லா எடையும் எலும்பில் இறங்காமல் பக்கத்துத் தசைகளில் பரவும். அழுத்தம் = விசை / பரப்பு என்று படிச்சோமே, அதேதான். பலகை சரியாகப் படியாவிட்டால் முதுகு புண்ணாகும். புண்பட்ட குதிரை எத்தனை விலை உயர்ந்ததானாலும் சண்டைக்கு ஆகாது.

ஐரோப்பாவின் நைட் எனும் குதிரை வீரர் நீண்ட ஈட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாய்வார். ஈட்டி எதிரி மேல் மோதும்போது அதே விசை அவரையும் பின்னுக்குத் தள்ளும். (நியூட்டனின் 3-ஆம் விதி, நியூட்டன் பிறக்கும் முன்னாடியே!) அதனால் சேணத்தின் பின்பக்கம் நாற்காலி முதுகு மாதிரி உயர்ந்து இடுப்பை அணைத்து நிற்கும். முன்பக்க மேடு வயிற்றைக் காக்கும். சேணமே பின்னால் நகராமல் மார்பு வார் இழுத்துப் பிடிக்கும். கத்தி வீசும்போது பக்கவாட்டில் சாயாமல் இருக்க அங்கவடி. 1422-ல் இறந்த இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றியின் இறுதி ஊர்வலத்தில் வந்த சேணம் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இன்னும் இருக்கு.

இவ்வளவு இருந்தும் வயிற்று வார் அறுந்தால் எல்லாம் போச்சு! சேணத்தோடு வீரனும் கீழே. இங்கதான் நம்ம ஆம்பூர், வாணியம்பாடி விஷயம் வருது. ஷூ மேல்தோலுக்கு குரோம் பதம் நல்லது, மெத்துனு இருக்கும். ஆனா இழுத்தா நீளும். வாருக்குப் பட்டைப் பதம் போட்ட தடித்த மாட்டுத்தோல்தான் சரி. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டதில் நம்ம பக்கத்துக்கு நெடுநாள் பழக்கம் உண்டு.

தையலும் வேற. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் இழுப்பாங்க. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் ஏன் பிரியுதுன்னு, ஷூ கம்பெனிக்குப் போற அக்கா உங்க வீட்டில் இருந்தா கேட்டுப் பாருங்க.