நல்லுணவுப் பரப்புரையை வடிவமைத்தல்: மாணவருக்கான பாடம்

நல்ல உணவு எது என்று கேட்டால் மாணவர் பெரும்பாலும் பிழையின்றி விடை கூறுவர். ஆயினும் இடைவேளை மணி ஒலித்ததும் பலரின் கை இனிப்பு மென்பானத்தையே நாடுகிறது. அறிந்ததைப் பழக்கமாக்கத் துணைபுரிவதே பரப்புரையின் பணி. பிரித்தானியாவில் வாழும் தெற்காசிய மரபினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு ஏனையோரைவிட அதிகம். அது இளவயதிலேயே தோன்றுவதும் உண்டு. ஆகவே தமிழ்க் குடும்பங்களுக்கு இது அயலார் சிக்கல் அன்று.

இப்பாடம் 11 முதல் 14 வயது வரையான மாணவருக்கு உரியது. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் நான்கு வாரங்களில் இதனை நடத்தலாம்.

முதல் வாரம்: கணக்கிடுதல்
இடைவேளையில் எத்தனை மென்பானங்கள் அருந்தப்படுகின்றன என்பதைப் பெயர் குறிக்காது எண்ணுக. பின்னர்ப் போத்தலின் விவரச்சீட்டை வாசிக்கச் செய்க. 100 மில்லிலீட்டரில் 10.6 கிராம் சீனி உள்ள பானமாயின், 330 மில்லிலீட்டர் தகரக் குவளையில் 35 கிராம் இருக்கும். நான்கு கிராம் ஒரு சீனிக்கட்டி எனக் கொண்டால், ஏறத்தாழ ஒன்பது கட்டிகள். உணவில் சேர்க்கும் சீனியும், தேன், பழச்சாறு ஆகியவற்றிலுள்ள சீனியும் 11 வயதிற்கு மேற்பட்டோருக்கு நாளொன்றுக்கு மொத்தம் 30 கிராமைத் தாண்டலாகாது என்பது தேசிய சுகாதார சேவையின் பரிந்துரை. கட்டிகளை மேசையில் அடுக்கிக் காட்டுக.

இரண்டாம் வாரம்: இலக்கு
ஒரு குழுவினரையும் ஒரு செயலையும் மட்டும் தெரிவுசெய்க. “நலமாக உண்போம்” என்பது எவரிடமும் எதனையும் கேட்பதில்லை. “சனிக்கிழமை இடைவேளையில் தண்ணீர் அருந்துவோம்” என்பது செய்யத்தக்கது, அளக்கத்தக்கது.

மூன்றாம் வாரம்: செய்தியும் இடமும்
வந்தவருக்கு மென்பானம் அளிப்பது நம்மவரிடையே உபசாரம். அதனைப் பழிப்பதிலும் மோரையோ தண்ணீரையோ முன்வைப்பது நன்று. சுவரொட்டி, தெரிவு நிகழும் இடத்தில், சிற்றுண்டி மேசையருகே இருத்தல் வேண்டும். பேரன், பேத்தியரை அழைத்துவரும் முதியோருக்குத் தமிழிலும், மாணவருக்கு இரு மொழிகளிலும் எழுதுக.

சூழலையும் மாற்றுக. 100 மில்லிலீட்டருக்கு 5 கிராமோ அதற்கு மேலோ சீனியுள்ள, சீனி சேர்த்த மென்பானங்களுக்கு 2018 ஏப்ரலில் வரி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே உற்பத்தியாளர் பலர் சீனியைக் குறைத்தனர். அவ்வாறே, தண்ணீர்க் குடத்தை மேசையின் முன்வரிசையில் வைக்குமாறு மாணவர் பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் கோரலாம்.

நான்காம் வாரம்: மீண்டும் எண்ணுதல்
முதல் வாரத்து எண்ணிக்கையுடன் ஒப்பிடுக. குறையாதிருப்பின் அதனையும் உள்ளவாறே அறிவித்து, காரணத்தை ஆராய்க.

கவனிக்க வேண்டியவை
• எவரது உடற்பருமனையும் சுட்டவோ நகையாடவோ கூடாது.
• நோய் தீரும் என்று வாக்களிக்கலாகாது.
• மாணவரின் ஒளிப்படத்தைப் பயன்படுத்துமுன் பெற்றோரின் எழுத்துமூல இசைவு பெறுக.
• இன்சுலின் பெறுவோருக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையும்போது இனிப்புப் பானம் உடனடித் தேவையாகலாம். ஆதலால் முழுத்தடை கோருதல் தகாது.