மேக் லேப்டாப்பில் விண்டோஸ் ஆபீஸ்

"தம்பி, இந்த மேக்கில் எம்.எஸ்.ஆபீஸ் ஓடுமா?" ரமணாசிரமம் பகுதியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. வெளிநாட்டினர் மாதக்கணக்கில் தங்கும் இடம் அல்லவா? ஊர் திரும்பும்போது லேப்டாப்பைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படித்தான் செங்கம் சாலைக்குப் பின்தெருவில் நான்கு அறைகளை வாடகைக்கு விடும் அக்கா ஒருவரின் கைக்கு எம்1 சிப் கொண்ட மேக்புக் ஏர் ஒன்று வந்து சேர்ந்தது.

அதே வாரம் அவருடைய பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. கார்த்திகை தீபத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. யார் எந்த அறைக்கு எவ்வளவு முன்பணம் கட்டினார்கள் என்பதெல்லாம் ஒரே ஆக்ஸெஸ் பைலில். நோட்டுப் புத்தகத்தில் எதுவும் இல்லை. "பணம் கட்டியவர் வாசலில் வந்து நின்றால் நான் என்ன சொல்வேன்?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். வேர்ட், எக்ஸெல், பவர்பாயிண்ட் பைல்களுக்காக மேக்கில் விண்டோஸ் போட வேண்டிய அவசியமே இல்லை. மேக்கிற்கென்றே ஆபீஸ் தொகுப்பு இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், எக்ஸெல் 1985ல் முதலில் வந்ததே மேக்கிற்குத்தான். விண்டோஸுக்கு 1987ல்தான் வந்தது. காசு செலவழிக்க விருப்பமில்லையா? லிப்ரே ஆபீஸ் இலவசம். வெளிநாட்டு விருந்தினருக்கான சி படிவம் பிரவுசரில் நிரப்புவது, அதற்கும் விண்டோஸ் வேண்டாம். சிக்கல் ஆக்ஸெஸில்தான். மேக்கிற்கான ஆபீஸில் அது கிடையாது. லிப்ரே ஆபீஸிலும் அக்காவின் பைல் நேராகத் திறக்கவில்லை.

அடுத்து உங்கள் மேக் எந்த வகை என்று பாருங்கள். இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் படத்தில் கிளிக் செய்து, முதல் வரியில் உள்ள 'இந்த மேக் பற்றி' என்ற பிரிவைத் திறக்கவும். இன்டெல் என்று இருந்தால், 2006ல் ஆப்பிள் அறிமுகம் செய்த பூட் கேம்ப் மூலம் விண்டோஸைத் தனிப் பகுதியில் நிறுவி, கம்ப்யூட்டரையே விண்டோஸில் தொடங்கலாம். எம்1 அல்லது அதற்குப் பின் வந்த சிப் என்றால் பூட் கேம்ப் இல்லை. 2020 நவம்பரில் எம்1 வந்தபோதே அந்த வழி அடைபட்டுவிட்டது. மேக்கிற்குள்ளேயே ஒரு ஜன்னலில் விண்டோஸை ஓட்டும் மெய்நிகர் கம்ப்யூட்டர்தான் வழி.

இதற்கு மூன்று புரோகிராம்கள் பிரபலம். பேரலல்ஸ் மிகச் சுலபம், ஆனால் காசு. விஎம்வேர் பியூஷன் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். யு.டி.எம். என்பதும் இலவசம், நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

இங்கே நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். பழக்கதோஷத்தில் சாதாரண விண்டோஸ் 11 ஐ.எஸ்.ஓ. பைலை டவுன்லோட் செய்தேன். ஐந்து ஜிபிக்கு மேல்! மொபைல் இன்டர்நெட்டில் ஓர் இரவு போனது. விண்டோஸ் எழவே இல்லை. அது இன்டெல் வகை சிப்புகளுக்கானது. ஆப்பிள் சிப்புக்கு 'ஆர்ம்' வகை விண்டோஸ் வேண்டும். அதன் ஐ.எஸ்.ஓ. பைலை 2024 நவம்பரிலிருந்து மைக்ரோசாப்ட் தன் தளத்திலேயே தருகிறது. மறுபடியும் ஐந்து ஜிபி. நடுவில் பௌர்ணமி கிரிவலம் வந்திருந்தால் அதுவும் இறங்கியிருக்காது.

யு.டி.எம்.மில் புதிய கம்ப்யூட்டர் உருவாக்கும்போது 'விர்ச்சுவலைஸ்', 'எமுலேட்' என இரண்டு பட்டன்கள் கிடைக்கும். முதலாவதையே தேர்ந்தெடுக்கவும். இரண்டாவது, வேறு வகை சிப்பைப் போல நடித்துக் காட்டுவது, ஆமை வேகம். பின் விண்டோஸைத் தேர்ந்தெடுத்து, ஐ.எஸ்.ஓ. பைலைக் காட்டவும். அக்காவின் மேக்கில் ராம் 8 ஜிபி. பாதியை, அதாவது 4 ஜிபியை விண்டோஸுக்குக் கொடுத்தேன். அதற்கு மேல் கொடுத்தால் மேக் திணறும். நிறுவி முடித்ததும் யு.டி.எம். தரும் உதவி டிரைவர்களையும் போட வேண்டும். இல்லையெனில் விண்டோஸுக்குள் இன்டர்நெட் வராது.

ஆக்ஸெஸுக்கு மைக்ரோசாப்ட் 365 சந்தா எடுத்தோம். ஒரே சந்தாவில் மேக்கிலும் விண்டோஸிலும் நிறுவிக் கொள்ளலாம். ஆக்ஸெஸ் விண்டோஸ் பக்கம் மட்டும் வரும். விண்டோஸுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். செலவுக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது இதுதான்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை யு.எஸ்.பி. உறையில் போட்டு மேக்கில் செருகினேன். விண்டோஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், அதில் எழுதாது. நமக்கு அது நல்லதே, தெரியாமல் எதையும் அழித்துவிட முடியாது. பைலைக் காப்பி செய்து, விண்டோஸுக்குள் கொண்டுபோய் ஆக்ஸெஸில் திறந்தேன். தொகையெல்லாம் சரியாக இருந்தது. பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்! அக்காவின் முகம் வாடிவிட்டது.

பைல் கெடவில்லை. அவர் டைப் செய்தது பாமினி எழுத்துருவில். அதில் 'அம்மா' என்று எழுதினால் கம்ப்யூட்டர் சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளை. பாமினி இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் குப்பையாகத் தெரியும். பழைய டிஸ்க்கின் விண்டோஸ் போல்டருக்குள் உள்ள பாண்ட்ஸ் போல்டரிலிருந்து பாமினியை எடுத்து, புதிய விண்டோஸில் நிறுவினேன். பெயர்கள் வரிசையாகத் தமிழுக்குத் திரும்பின. அதே எழுத்துரு பைலை மேக்கிலும் இரட்டைக் கிளிக் செய்து நிறுவிக் கொள்ளலாம். இனி டைப் செய்வதை யூனிகோடில் செய்யுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மேக்கிலேயே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் இருக்கின்றன.

புதியவர்களைக் குழப்பும் சில விஷயங்கள்: விண்டோஸ் ஜன்னலுக்குள் காப்பி செய்ய கமாண்ட் அல்ல, கண்ட்ரோல் கீயைப் பயன்படுத்தவும். ரைட் கிளிக்கிற்கு இரண்டு விரல்களால் தட்டவும். மேக்கை அணைக்கும் முன் உள்ளே இருக்கும் விண்டோஸை முறையாக ஷட் டவுன் செய்திடவும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்ற கருவிகள் வைத்திருப்பவர்கள், அவற்றுக்கு ஆர்ம் வகை டிரைவர் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே மேக் வாங்குவது பற்றி யோசிக்கவும்.

கடைசியாக முன்பணப் பட்டியலை ஆக்ஸெஸிலிருந்து எக்ஸெல் பைலாக ஏற்றுமதி செய்து மேக்கில் வைத்தேன். தினமும் விண்டோஸைத் திறக்க வேண்டாம் அல்லவா? அறை வாரியாக வரிசைப்படுத்தியபோதுதான் அது தெரிந்தது: தீபத்தன்று மாடி அறைக்கு இரண்டு பேரிடம் முன்பணம் வாங்கியிருந்தார். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அக்கா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.