முதல் ரேஸே பெரிய ரேஸ்: டேட்டோனாவுக்குத் தயாராகும் ஓட்டுநரின் வேலை

கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் பெரிய ஆட்டம் கடைசியில் வரும். அமெரிக்காவின் நாஸ்கார் கப் கார்ப் பந்தயத் தொடரில் அது முதலிலேயே வந்துவிடுகிறது. பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும் 36 ரேஸ்களில் ஓட்டுநர்கள் அதிகம் ஆசைப்படுவது டேட்டோனா 500-க்கு. புள்ளிக் கணக்கு தொடங்குவதும் அதில்தான். காரின் தொழில்நுட்பப் பொறுப்பாளரான க்ரூ சீஃப் புதியவர், புது ஸ்பாட்டர், புது ஸ்பான்சர் என்று எது மாறியிருந்தாலும், நாலு சின்ன ரேஸில் பழகிக்கொண்டு பெரியதற்குப் போகலாம் என்ற வசதி கிடையாது.

இந்த வேலைக்கு வர நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. டேட்டோனாவுக்கான தயாரிப்பில் ஸ்டீயரிங் பிடிக்கும் நேரம் மிகக் குறைவு. நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் ஓட்டுநர் செய்வதில் பெரும்பகுதி ஆட்களோடு பேசி, ஒத்துப்போய், நம்பிக்கை சம்பாதிக்கும் வேலை. அது ஏன் என்று புரிய அந்தத் தடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஃபுளோரிடாவில் பில் ஃபிரான்ஸ் கட்டி 1959-ல் திறந்த தடம் அது. ஒரு சுற்று 2.5 மைல், அதாவது சுமார் நாலு கிலோமீட்டர். வளைவுகள் 31 டிகிரி சாய்ந்து நிற்கும். நடந்து ஏறினால் மூச்சு வாங்கும். 200 சுற்று, 500 மைல், வழக்கமாக 40 கார். மற்றத் தடங்கள் பலவற்றில் 670 குதிரைத்திறனுக்குக் குறையாத எஞ்சினை இங்கே காற்று வழியைக் குறுக்கி 510-க்கு இறக்கிவிடுகிறார்கள். 1987-ல் டல்லடேகா தடத்தில் பாபி ஆலிசனின் கார் பறந்து வேலியைக் கிழித்துப் பார்வையாளர்களைக் காயப்படுத்திய பிறகு வந்த கட்டுப்பாடுகளின் வழிவந்தது இது. விளைவு, எல்லாக் காரும் ஏறக்குறைய ஒரே வேகம். யாரும் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓட முடியாது. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்களுக்கு மீதி விஷயம் தெரியும். முன்னால் போகும் கார் காற்றைக் கிழிக்கிறது, பின்னால் வருகிற கார் சுலபமாக வருகிறது. இரண்டும் ஒட்டி ஓடினால் இரண்டுமே தனிக் காரைவிட வேகம். இதற்குப் பெயர் டிராஃப்டிங். டேட்டோனாவில் வெல்ல உங்களை முட்டித் தள்ள ஒருவர் வேண்டும், அவரும் உங்கள் போட்டியாளர்தான்.

சரி, ஜனவரியில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் சீட். இந்தக் காரில் கதவு இல்லை, ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். சீட்டை ஓட்டுநரின் முதுகு, விலா, தோள் அளவுக்கு வார்த்து எடுக்கிறார்கள். பட்டறையில் அரைமணி உட்கார்ந்து "பரவாயில்லை" என்று சொல்லி எழுந்து போவது புதியவர்கள் செய்யும் தப்பு. பட்டறையில் லேசாக உறுத்துவது மூன்றரை மணி நேரத்தில் உயிரை வாங்கும். நாலு தரம் திரும்பப் போய் உட்காருங்கள். மெக்கானிக் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். 2001 டேட்டோனா 500-ன் கடைசிச் சுற்றில் டேல் ஏர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அதற்கு முன்பு தலையையும் கழுத்தையும் தாங்கும் ஹேன்ஸ் கருவியை அசௌகரியம் என்று ஒதுக்கிய ஓட்டுநர்கள் பலர். அந்த ஆண்டே அப்படியொரு தாங்கி கட்டாயமானது. ஆகவே பொருந்தாத பட்டையைப் பற்றிப் புகார் சொல்ல ஜனவரிதான் காலம்.

உடம்பு விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏசி கிடையாது, கோடையில் காருக்குள் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும், இடைவேளை இல்லை. சைக்கிளும் ஓட்டமும் கழுத்துப் பயிற்சியும் வெப்பத்துக்கு உடம்பைப் பழக்குவதும் குளிர்காலத்து வேலை. ஜிம்மி ஜான்சன் ஏழு முறை பட்டம் வென்றவர். டிரையத்லான் பந்தயங்களிலும் இறங்குவார். ஓட்டுநர் உட்கார்ந்துதானே இருக்கிறார் என்று கேட்கும் மாமாக்களுக்கு அவரைக் காட்டலாம். 2014 முதல் பருவம் தொடங்கும் முன் மூளையின் செயல்பாட்டைக் கணினிச் சோதனையில் பதிந்துவைப்பது கட்டாயம். பிறகு அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். தலையில் அடிபட்டதை மறைத்து ஓட்டுவது வீரம் என்று நினைத்த காலம் போய்விட்டது. டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியர் 2016-ல் பாதிப் பருவத்தை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்.

சிமுலேட்டர் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. ஷெவ்ரோலே, ஃபோர்டு, டொயோட்டா மூன்றும் வட கரோலினாவில் சார்லட் நகரைச் சுற்றித் தங்கள் ஓட்டுநர்களுக்காக அதை வைத்திருக்கின்றன. நிஜத் தடத்தில் தனியாகச் சோதனை ஓட்டம் போட நாஸ்கார் தாராளமாக அனுமதிப்பதில்லை என்பதால் அது தவிர்க்க முடியாதது. வில்லியம் பைரன் வீட்டுக் கணினியில் ஐரேசிங் என்ற கார்ப் பந்தய விளையாட்டை ஆடித் தொடங்கியவர். 2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு டேட்டோனா 500 வென்றார். ஆனாலும் டேட்டோனாவுக்கு மட்டும் சிமுலேட்டரைவிடப் பழைய ரேஸ் வீடியோ உதவும் என்பது என் கட்சி. இங்கே பாடம் வளைவு அல்ல, மற்ற 39 பேர். கடைசி இருபது சுற்றில் யார் பொறுமை இழக்கிறார், யார் நேராகத் தள்ளுகிறார், யார் பாதியில் கைவிடுகிறார் என்று பெயர் பெயராகக் குறித்துவையுங்கள். எந்த ஓட்டுநர் எந்த இடத்தில் எவ்வளவு பெடல் மிதித்தார் என்ற தரவு எல்லா அணிகளுக்கும் கிடைக்கிறது. அவருடைய மனசு மட்டும் அதில் வராது.

இனி, இந்த வேலையின் உயிர்நாடியான ரேடியோ. ஓட்டுநரின் தலை சீட்டுக்குள் இறுகியிருக்கும், பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க இயலாது. மணிக்கு 300 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடியில் 83 மீட்டர். உங்கள் கண் இருப்பது மைதானத்தின் கூரைமேல் நிற்கும் ஸ்பாட்டரிடம். "இன்சைட்", "அவுட்சைட்", மூன்று கார் பக்கவாட்டில் வந்தால் "த்ரீ வைட், நீ நடுவில்", வழி இருந்தால் "கிளியர்". அவர் "கிளியர்" என்று சொன்ன கணத்தில் நீங்கள் காரை நகர்த்துகிறீர்கள், பார்த்து உறுதிசெய்யாமலே. அரை நொடி தாமதமாக வந்த சொல் இருபது கார்களை நொறுக்கும்; அந்த மாதிரிக் கூட்டு விபத்துக்கு அங்கே "தி பிக் ஒன்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதனால் ஜனவரியில் ஸ்பாட்டரோடு உட்கார்ந்து சொற்களை முடிவு செய்யுங்கள். எவ்வளவு பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும், பின்னால் வருகிறவரின் வேகத்தை எப்படிச் சொல்வது, கெட்ட செய்தியை எந்தக் குரலில் சொல்வது என்று எல்லாவற்றையும். பழைய ரேஸ் ஒன்றை ஒலியில்லாமல் ஓடவிட்டு அவரைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். இருவர் குரலும் பழக அதைவிட மலிவான வழி இல்லை.

இன்னொன்று. அந்த ரேடியோவை மைதானத்தில் ஸ்கேனர் வைத்திருக்கும் எந்த ரசிகரும் கேட்கலாம். எதிரணியும் கேட்கும், தொலைக்காட்சி திருப்பி ஒலிபரப்பும். எரிச்சலில் க்ரூ சீஃபைத் திட்டினால் நாடே கேட்கும், மறுநாள் ஸ்பான்சர் அலுவலகத்திலும் ஓடும். எந்த அலுவலகத்தில் இப்படி ஒரு தண்டனை உண்டு! காருக்குள் குறை சொல்லவேண்டுமானால் காரைச் சொல்லுங்கள்: முன்பக்கம் திரும்ப மறுக்கிறது, பின்பக்கம் வழுக்குகிறது, எந்த வளைவில், எத்தனையாவது சுற்றிலிருந்து. ஆட்களைப் பற்றிய குறை பிறகு நடக்கும் அணிக் கூட்டத்துக்கு.

ரேஸ் நடுவே டயர் மாற்றி பெட்ரோல் ஊற்ற நிறுத்தும் பிட் வேலையையும் பட்டறையிலேயே பழகலாம். சுவரைத் தாண்டி வருபவர்கள் ஐந்து பேர்: டயர் மாற்ற இருவர், தூக்கிவர ஒருவர், ஜாக் போட ஒருவர், பெட்ரோல் ஊற்ற ஒருவர். பெரும்பாலும் கல்லூரி விளையாட்டிலிருந்து வந்தவர்கள். 2018-ல் டேட்டோனாவில் கப் ரேஸில் டயர் மாற்றிய பிரெஹானா டேனியல்ஸ் கல்லூரிக் கூடைப்பந்து வீராங்கனை. நாலு டயரும் பத்து நொடியை ஒட்டி முடிந்துவிடும். ஓட்டுநர் நிறுத்தக் கோட்டைத் தாண்டி ஒரு அடி தள்ளி நிறுத்தினால் அவர்களின் குளிர்காலப் பயிற்சி வீண். காரில் ஸ்பீடோமீட்டர் வேறு கிடையாது. எஞ்சின் சுழற்சியைக் காட்டும் விளக்குகளை வைத்து பிட் பாதையின் வேக வரம்பைக் கணிக்க வேண்டும், மீறினால் தண்டனை.

நட்பு சம்பாதிப்பது எல்லாவற்றையும்விடக் கடினம். ஒரே தயாரிப்பாளரின் கார்களை ஓட்டுபவர்கள், வெவ்வேறு அணியாக இருந்தாலும், ரேஸுக்கு முன் கூடிப் பேசுகிறார்கள். எந்தச் சுற்றில் சேர்ந்து பிட்டுக்குப் போவது, எரிபொருளை மிச்சம் பிடிக்க எப்போது பெடலைத் தளர்த்துவது என்று உடன்படிக்கை. தனியாக பிட்டிலிருந்து வெளிவந்தால் துணைக்கு யாரும் இருக்கமாட்டார்கள் அல்லவா? புதுமுகத்தின் காருக்குப் பின்பக்கம் மஞ்சள் பட்டை ஒட்டும் வழக்கம் உண்டு. அதைப் பார்த்து மூத்தவர்கள் ஒதுங்கிப்போவதும் உண்டு. டிரெவர் பேய்ன் 2011-ல் கப் தொடரில் தன் இரண்டாவது ரேஸிலேயே டேட்டோனா 500 வென்றார். வயது 20, அதற்குமேல் ஒரு நாள். அந்த வாரம் முழுக்க அவர் செய்தது மற்றவர்களை நேராக, நிதானமாகத் தள்ளி, பயப்படத் தேவையில்லாத ஆள் என்று காட்டியதுதான்.

உடன்படிக்கை கடைசிச் சுற்றில் செல்லாது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். 2021 டேட்டோனா 500-ன் கடைசிச் சுற்றில் முன்னால் போன ஜோயி லொகானோவும் பிராட் கெசலவ்ஸ்கியும் ஒரே அணி. கெசலவ்ஸ்கியைப் பின்னாலிருந்து தள்ளியவர் மைக்கேல் மெக்டவல். முன்னிருவரும் முட்டிக்கொள்ள, நடுவில் திறந்த வழியாக மெக்டவல் போனார். 358-வது ரேஸில் முதல் வெற்றி. அன்று அவர் முன்னிலை வகித்தது அந்தக் கடைசிச் சுற்று மட்டும்.

ரேஸ் வாரத்தின் அட்டவணையே ஒரு சோதனை. புதன்கிழமை ஊடகங்களுக்கு, ஒரே கேள்விக்கு முப்பதாவது முறை சிரித்துக்கொண்டு பதில் சொல்வது சம்பளத்தில் சேர்ந்த வேலை. இரவில் தனித்தனியாக ஓடும் தகுதிச்சுற்று, அதில் தொடக்க வரிசையின் முதல் இரண்டு இடம் மட்டும் உறுதியாகும். வியாழன் இரண்டு டூயல் ரேஸ்கள், தலா 60 சுற்று, மீதி வரிசையைத் தீர்மானிக்க. 36 கார்களுக்குச் சார்ட்டர் என்ற நிரந்தர உரிமை இருக்கிறது. அது இல்லாத அணிகளின் ஓட்டுநர்களில் பலருக்கு வியாழன் இரவே வாழ்வா சாவா. சார்ட்டர் இருப்பவருக்கு என் ஆலோசனை: டூயலில் ஜெயிக்கப் போய்க் காரை உடைக்காதீர்கள், யார் உங்களோடு ஒத்துழைக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

வேலை தேடுகிறவருக்கு இரண்டொரு சொல். கப் தொடருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பெரிய தடங்களில் ஓட்ட நாஸ்காரின் தனி ஒப்புதலும் வேண்டும். சிறு தொடர்களில் படிப்படியாகத்தான் அது கிடைக்கும். திறமை இருந்தும் ஸ்பான்சர் இல்லாமல் நிற்பவர்கள் ஏராளம். மிசௌரியின் கார்ல் எட்வர்ட்ஸ் பகுதிநேர ஆசிரியராக இருந்தபோது, ஓட்டுநர் வேண்டுமா என்று கேட்கும் விசிட்டிங் கார்டு அச்சடித்துத் தடம் தடமாகக் கொடுத்தார். 2011-ல் பட்டத்துக்கான புள்ளிகளில் முதலிடத்தோடு சமமாக வந்து, வெற்றிகளின் எண்ணிக்கையில்தான் தோற்றார். வெளிநாட்டவர் என்பதும் தடையில்லை, ஆனால் முன் அனுபவத்தைப் பெரிதாக எண்ண வேண்டாம். கோவையின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ஓட்டிவிட்டு 2010-ல் நாஸ்காரின் டிரக் தொடருக்குப் போனார். மார்ட்டின்ஸ்வில் என்ற அரை மைல் தடத்தில் முதல் ரேஸில் 13-ஆம் இடம். ஆண்டு முடிவில் அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருது ரசிகர்கள் வாக்கில் அவருக்கு. அங்கே ரசிகரும் ஒரு மூலதனம். கையெழுத்துக் கேட்டு வரும் சிறுவனிடம் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிறன்று வென்ற காரை, கீறலும் அழுக்கும் கலையாமல், தடத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் ஓராண்டு நிறுத்திவைக்கிறார்கள். ஓட்டுநருக்கு அந்த ஓய்வு கிடையாது. அடுத்த ஞாயிறு அடுத்த ரேஸ்.